ஊசிமுனையில் ஒரு நகரம் – 14: வியாழன் முதல் சனி வரை

சென்ற வாரம் 1955-இல் நிறுத்தியிருந்தோம். முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய மறு ஆண்டு, பி.சி.ஜி. தடுப்பூசிக்கு எதிராக ராஜாஜி களத்தில் இறங்கினார். கிண்டியில் 1948 முதல் அந்த மருந்தைத் தயாரித்துவந்த நகரத்திலேயே, பெற்றோர்கள் பிள்ளைகளின் கையை நீட்டத் தயங்கினார்கள். பின்னர் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று கண்டது. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காவல் தருகிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். ராஜாஜி அடுக்கிய காரணங்களில் பல நிற்கவில்லை. கேள்வி மட்டும் நின்றது.

இனி அறுபத்தாறு ஆண்டுகளைத் தாண்டுவோம்.

* * *

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கூவம் வளைத்துக்கொண்டு ஓடும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவானது. இன்று வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மீன் மார்க்கெட் நினைவுக்கு வரும். சென்னைக்காரர்களுக்கு மே தினப் பூங்காவும் பறக்கும் ரயில் நிலையமும்.

ஆற்றைத் தாண்டி அண்ணா சாலைக்கு வந்தால், நடக்கிற தூரத்தில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். 2010-இல் சட்டமன்றத்துக்கென்று திறக்கப்பட்டு, 2014-இல் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறிய கட்டடம் அங்கே நிற்கிறது. கொரோனா வந்த பிறகு அதுவே கோவிட் மருத்துவமனை ஆனது. பக்கத்தில் கலைவாணர் அரங்கம். கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாமல், 2020 செப்டம்பர் முதல் சட்டமன்றக் கூட்டம் அங்கேதான் நடந்தது.

2021 ஏப்ரலில் சிந்தாதிரிப்பேட்டையில் 45 வயதைக் கடந்த ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் தூரம் ஒரு தடையே இல்லை. பணமும் இல்லை, அரசு மையத்தில் இலவசம். அந்த மாதம் மருந்தும் இருந்தது.

ஆட்கள்தான் வரவில்லை.

* * *

ஜனவரியில் விழுந்த விதை

தயக்கம் ஏப்ரலில் பிறந்ததல்ல. 2020 அக்டோபரில் சென்னையில் கோவிஷீல்டு சோதனையில் தன்னார்வலராக ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், தனக்குக் கடுமையான நரம்புப் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது சீரம் இன்ஸ்டிடியூட். அதோடு நில்லாமல், 100 கோடி ரூபாய்க்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றும் அறிவித்தது. வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைப் படித்த ஒரு சாதாரண மனிதருக்கு நரம்பியல் விளக்கம் மனதில் பதிந்திருக்காது. ‘நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம்மையே மிரட்டுவார்கள்’ என்பது பதிந்திருக்கும்.

அடுத்து 2021 ஜனவரி 3. கோவாக்சினுக்கு அவசரகால அனுமதி கிடைத்தது. மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் அப்போது வெளிவரவில்லை. ‘மருத்துவச் சோதனை முறையில்’ பயன்படுத்தலாம் என்றது அனுமதி. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கோவிஷீல்டுக்கு அப்படிப் படிவம் இல்லை. ஒரே மையத்தில் இரண்டு மருந்து; ஒன்றுக்குக் கையெழுத்து கேட்கிறார்கள், இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்துச் சந்தேகப்படாதவர் யார்?

ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டில் தடுப்பூசித் திட்டத்தை எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். இடம், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. பி.சி.ஜி.யை எதிர்த்தவரின் பெயரைத் தாங்கிய கட்டடத்திலிருந்து மாநிலத்தின் ஆகப் பெரிய தடுப்பூசி இயக்கம் புறப்பட்டது. முதல் நாளில் 160-க்கும் மேற்பட்ட மையங்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு ஏற்பாடு. மாநிலம் முழுக்க வந்தவர்கள் சுமார் 3,000 பேர். அவர்கள் அத்தனை பேரும் மருத்துவத் துறையினர்.

அதாவது முதலில் தயங்கியவர்கள், மருந்தைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் அறிந்தவர்கள். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ‘படிக்காத ஜனங்கள் பயப்படுகிறார்கள்’ என்று பேசியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

ஜனவரி 22 அன்று, தானே மருத்துவரான சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் கோவாக்சினே போட்டுக்கொண்டார். மார்ச் 1-ஆம் தேதி பிரதமர் எய்ம்ஸில் போட்டுக்கொண்டதும் கோவாக்சின்தான். மார்ச் 3 அன்று அதன் இடைக்காலப் பலன் 81 சதவீதம் என்று வந்தது. சில நாளில் ஒப்புதல் படிவமும் போயிற்று. தயக்கம் கரையத் தொடங்கியது போலத் தெரிந்தது. அதே மாதம் ஐரோப்பிய நாடுகள் பல, ரத்தம் உறையும் அபாயத்தைச் சொல்லி, கோவிஷீல்டின் மூலமான ஆஸ்ட்ராஜெனிகா மருந்தை நிறுத்தி வைத்தன.

கரைந்தது மீண்டும் உறைந்தது.

இதன் விலையை ஒரு குப்பி சொல்லும். ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்குப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஆறு பேர் வந்து காத்திருக்க, இன்னும் நான்கு பேர் வருவார்களா என்று வாசலைப் பார்க்கும் நிலை செவிலியர்களுக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த கணக்குப்படி, ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் வீணானது 12.10 சதவீதம். நாட்டிலேயே அதுதான் அதிகம்.

* * *

வியாழன்

ஏப்ரல் 15. தேர்தல் முடிந்து ஒன்பது நாள். ஓட்டு இயந்திரங்கள் பூட்டியிருந்தன. மே 2 வரை முடிவு கிடையாது. பிரசாரக் கூட்டங்களில் முகக்கவசம் இல்லாமல் திரண்ட மாநிலத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்தது.

அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனைக்கு வந்தார். வயது 59. ‘சின்னக் கலைவாணர்’ என்று பெயர் பெற்றவர். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோடி மரம் நடும் வேலையைத் தலையில் ஏற்றுக்கொண்டு, லட்சக்கணக்கில் நட்டும் காட்டியவர். டெங்கு, பிளாஸ்டிக் என்று அரசு எதைப் பற்றி மக்களிடம் பேச நினைத்தாலும் அழைக்கக்கூடிய முகம்.

அவருக்குத் தனியார் மருத்துவமனை எதுவும் எட்டாததல்ல. வேண்டுமென்றே அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து வந்ததாகவும், ஏழைகள் நம்பியிருப்பது அதைத்தான் என்றும் செய்தியாளர்களிடம் விளக்கினார். சுகாதாரத் துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணன் உடன் நின்றார். ஊசி போட்டாலும் தொற்று வரலாம், உயிர் போகாமல் காக்கும். முகக்கவசத்தை விடாதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அறிவியல்படி அது சரியான பேச்சு. மிகையாக ஒரு வாக்குறுதியும் அவர் தரவில்லை.

கோவாக்சின் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அன்று மாலையே தொலைக்காட்சிகளில் அந்தக் காட்சி ஓடியது.

* * *

வெள்ளி, சனி

ஏப்ரல் 16. முற்பகல். வீட்டில் மயங்கி விழுந்த விவேக்கை வடபழனி சிம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நினைவில்லை. இதயத்தின் இடப்பக்க முக்கிய ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பிறகு எக்மோ.

மருத்துவர்களும் ராதாகிருஷ்ணனும் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். இப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை, ஊசிக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள்.

ஏப்ரல் 17, சனிக்கிழமை விடியற்காலை. விவேக் காலமானார்.

காலையில் எழுந்த தமிழ்நாடு இரண்டு வீடியோக்களை அடுத்தடுத்துப் பார்த்தது. ஒன்றில் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொள்கிறார். அடுத்ததில் விருகம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். இடையில் இரண்டு நாள்கூட இல்லை.

* * *

அந்த இரவில் கையில் இருந்தது

இங்கே சற்று நிற்போம். பின்னால் வந்த புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு அன்றைய மனிதர்களை எடைபோடுவது எளிது. வரலாறு எழுதுகிறவர் அதைச் செய்யக்கூடாது. அந்தச் சனிக்கிழமை இரவு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்வோம். முடிவெடுக்க அவர் கையில் என்ன இருந்தது?

மருத்துவர்கள் சொன்னது இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னதில் உறுதி இல்லாத ஒரு சொல்லும் இருந்தது: ‘தெரியவில்லை.’ நேர்மையான மருத்துவர் முதல் நாளில் அதைத்தான் சொல்ல முடியும். கேட்பவர் காதில் அது வேறு விதமாக விழும்.

தினமும் மாரடைப்பு வரும் வயதினருக்குத்தான் அப்போது ஊசி போடப்பட்டது. நாட்டில் பதினோரு கோடி டோஸுக்கு மேல் போட்டு முடித்திருந்த நேரம். அத்தனை பேரில் சிலருக்கு, ஊசியே இல்லாவிட்டாலும், மறுநாள் மாரடைப்பு வந்தே இருக்கும். ஓமந்தூராரில் அதே நாளில் அதே மருந்தைப் போட்டுக்கொண்ட மற்றவர்கள் வீட்டில் நலமாக இருந்தார்கள். அவர்களை எந்தக் கேமராவும் தேடிப் போகவில்லை.

கூலிக் கணக்கும் இருந்தது. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்று சுகாதார ஊழியர்களே சொன்னார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு விடுப்பு. கூடை தூக்கிப் பிழைப்பவருக்கு இரண்டு நாள் அடுப்பு. ‘தடுப்பூசித் தயக்கம்’ என்று கட்டுரைகள் எழுதப்பட்டபோது இந்தக் கணக்கு அதில் வந்ததே இல்லை என்பது என் வருத்தம்.

மறுபக்கம், ஏப்ரல் 17 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் கண்டறியப்பட்ட தொற்று 9,000-ஐத் தாண்டியிருந்தது. தெருவில் தெரிந்தவர் ஒருவர் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் ஏறிய செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. நோய் தூரத்தில் இருந்தது. விவேக்கின் மரணம் வீட்டுக்குள், தொலைக்காட்சியில்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த அம்மா, ‘இன்னும் பத்து நாள் பார்த்துக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் அதை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த முடிவு தவறானது. பலருக்கு உயிரையே வாங்கிய தவறு. ஆனாலும் அது யோசித்து எடுத்த முடிவு.

* * *

பதில் வந்த தேதி

தடுப்பூசிக்குப் பிறகு ஒருவர் இறந்தால் அதை விசாரிக்க நம் நாட்டில் ஓர் அமைப்பு உண்டு. மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசியக் குழு என்று மூன்று படி. ஆவணங்களைச் சேகரித்து, காரணம் ஊசியா, தற்செயலா என்று வகைப்படுத்துவார்கள்.

அந்தத் தேசியக் குழு வெறும் கண்துடைப்பு அல்ல. அதே ஆண்டு மே மாதம், கோவிஷீல்டுக்குப் பின் ரத்தம் உறைந்திருக்கக்கூடிய 26 பேரை அடையாளம் கண்டு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற விகிதத்தை வெளியிட்டது. ஜூனில், 68 வயதான ஒருவர் ஊசியால் வந்த கடும் ஒவ்வாமையால் இறந்தார் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ‘ஆம், ஊசிதான்’ என்று சொல்லத் தெரிந்த குழு ‘இல்லை’ என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

விவேக் விஷயத்தில் அது ‘இல்லை’ என்றது. அவருக்கிருந்த ரத்த அழுத்தத்தைச் சுட்டி, இறப்பு தற்செயல், ஊசிக்குத் தொடர்பில்லை என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பு வெளிவந்தது அக்டோபர் மூன்றாம் வாரத்தின் இறுதியில். ஆறு மாதம்!

ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியவருக்கு ஆறு மாதம் கழித்து வந்த பதில் எதற்கு? ஏப்ரலிலேயே, ஒரு வாரத்தில், ஆவணங்களை மேசையில் வைத்து, கேள்விகளை எதிர்கொண்டு, இதயநோய் மருத்துவர்களை மாவட்டந்தோறும் பேசவைத்திருக்கலாம். நடந்தது வேறு. மருத்துவமனை வாசலில் ஊசியைப் பழித்துப் பேசிய நடிகர் மன்சூர் அலிகான் மீது வழக்குப் பதிவானது. தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏப்ரல் இறுதியில் உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் தந்தது. அவர் பேசியது பொறுப்பற்ற பேச்சு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்கு அவர் வாயைத்தான் அடைத்தது. அதே கேள்வியை மனதுக்குள் வைத்திருந்த லட்சம் பேருக்கு அது ஒரு வார்த்தை பதிலும் தரவில்லை.

பதில் வந்த அந்த அக்டோபர் வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊசி போட்டால் அசைவம் சாப்பிடக்கூடாது, மது குடிக்கக்கூடாது என்ற எண்ணம் பரவியிருந்ததால், ஞாயிறுதோறும் நடந்த மெகா முகாம்களைத் தவிர்க்கிறார்கள் என்று அரசு கண்டுகொண்டது. அடுத்த முகாமை அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்றினார் அமைச்சர் மா. சுப்பிரமணியன். ஞாயிறு காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஒரு முறை நின்றவருக்கு அந்த முடிவின் அருமை புரியும். மக்களைத் திட்டாமல் நாளை மாற்றினார்கள். இந்தக் காது ஏப்ரலில் எங்கே போயிருந்தது?

* * *

காவல் துறையின் கணக்கு

ஊசி உண்மையில் உயிர் காத்ததா? இதற்கான மிகத் தெளிவான விடை தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர்களுக்கே அப்போது அது தெரியாது.

காவலர்களுக்கு பிப்ரவரி 1 முதல் ஊசி போடத் தொடங்கினார்கள். ஊரடங்கிலும் தெருவில் நின்றவர்கள். மாநிலத்தில் 1,17,524 பேர். மே 14-க்குள் இரண்டு டோஸ் போட்டவர்கள் 67,673. ஒரு டோஸ் மட்டும் போட்டவர்கள் 32,792. போடாதவர்கள் 17,059.

ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, விவேக்கின் மரணத்தை உள்ளடக்கிய அதே ஒரு மாதத்தில், கோவிட்டால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் இரண்டு டோஸ் போட்டவர்கள் 4. ஒரு டோஸ் போட்டவர்கள் 7. போடாத சிறு பகுதியினரிலிருந்து மட்டும் 20.

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு டோஸ், மரணத்திலிருந்து 82 சதவீதக் காவல். இரண்டு டோஸ், 95 சதவீதம். வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்களிடம் பார்த்த கணக்கும் இதையே சொன்னது: இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 94 சதவீதம் குறைவு.

இந்தக் கணக்குகள் ஜூனில் வெளிவந்தன. அந்த 20 காவலர்களும் அவற்றைப் படிக்க இல்லை.

* * *

வரிசை

ஏப்ரல் கடைசியில் நோய் தெருவுக்குள் வந்துவிட்டது.

ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரவு பகலாக மக்கள் படுத்துக் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஆக்சிஜன் படுக்கைக்காகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டார்கள். மே 21, ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தமிழ்நாடு கண்ட உச்சம்.

ஏப்ரலில் ‘பார்த்துக்கலாம்’ என்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

யாருடைய பிரசாரமும் செய்யாததைப் பக்கத்து வீட்டு மரணம் செய்தது. மே 20 அன்று 18 வயது முதலானவர்களுக்கான ஊசித் திட்டத்தை, பதவியேற்று இரண்டு வாரமே ஆன முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திருப்பூரில் தொடங்கி வைத்தார். மையங்களில் விடியற்காலையிலேயே வரிசை. டோக்கன். ஆறு வாரத்துக்கு முன் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்த இடத்தில், நூறு டோஸுக்கு முன்னூறு பேர் நின்றால் என்ன செய்வது என்ற பிரச்சினை.

அப்போது கதவில் ஒட்டினார்கள்: ‘தடுப்பூசி ஸ்டாக் இல்லை.’

மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக அளவில் டெண்டர் விட்டது தமிழ்நாடு. ஜூன் 5 வரை காத்திருந்தது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு, மே 25 அன்று, முதலமைச்சர் செங்கல்பட்டுக்குப் போனார். பல நூறு கோடி ரூபாயில் மத்திய அரசு கட்டிய தடுப்பூசி வளாகம் அங்கே இருக்கிறது. கட்டடம் தயார். இயந்திரங்கள் தயார். அன்றுவரை அங்கிருந்து ஒரு டோஸ்கூட வெளியே வரவில்லை.

இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது உறுத்தும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் தயாரித்த நகரம் இது. நாட்டுக்கே பி.சி.ஜி. கொடுத்த நகரம். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் நூறாண்டு கண்டது. 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. கூடம், குன்னூர், இமாசலத்தின் கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமமும் ஒரே வீச்சில் நிறுத்தி வைக்கப்பட்டது. அவற்றுக்கு ஈடாகத்தான் செங்கல்பட்டு வளாகம் எழுந்தது.

ஊசி வேண்டும் என்று சிந்தாதிரிப்பேட்டை முடிவெடுத்துக் கையை நீட்டிய நாளில், முப்பது மைல் தொலைவில் அந்த ஆலை ஏன் பூட்டிக் கிடந்தது? பூட்டியது யார்?

(தொடரும்)